நிலாவில் போர்வெல் போட்டவள்

வெள்ளக்கரட்டில் எடை குறைந்துபோன செவ்வாய்க்கிழமையன்று, அதை முதலில் அனுபவித்தது பாவாயி அத்தையின் கருப்பு வெள்ளாடுதான். நிலா கம்பெனியின் கம்பி வேலிக்குள் நுழைந்து, அங்கே கொட்டிப் பரப்பியிருந்த வெள்ளை மண்ணில் கால் வைத்து, வழக்கமாக எட்டாத வேப்பங்கிளையைப் பார்த்து அது ஒரு துள்ளு துள்ளியதும், கிளையையும் தாண்டி மேலே போய், அங்கே சற்று நின்று, கொழுந்தைப் பறித்து, மென்றுகொண்டே சாவகாசமாக இறங்கி வந்தது. கையில் குச்சியோடு துரத்திக்கொண்டு வந்த அத்தைக்கு ஆடு பறந்தது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. வெள்ளை மண்ணில் நின்றபோது தன் முழங்கால் வலி போயிருந்ததைத்தான் அவர் கவனித்தார். ஒருமுறை உட்கார்ந்து எழுந்தார், இன்னொருமுறை உட்கார்ந்து எழுந்தார், பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அட, இது நல்லாருக்குதே" என்று சொல்லி, தெருவில் இருந்த முழங்கால் வலிக்காரர்களை எல்லாம் கூப்பிடப் போனார்.

எங்கள் ஊரான வெள்ளக்கரடு திருச்செங்கோட்டுப் பக்கம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வெறும் தரையைப் பார்த்தால் துளை போடாமல் கை நிற்காது. ராஜஸ்தானில் ஒரு ஊருக்குத் தண்ணீர் இல்லை என்றாலும், ஆப்பிரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குழாய் வேண்டும் என்றாலும், எங்கள் ஊர் ரிக் லாரி அங்கே போய், எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கி, கம்ப்ரசரை முடுக்கி, பூமியைக் குடைந்துவிட்டு வரும். அப்படி ஊர் ஊராகக் குடைந்தவர்களில் பெரிய கை அர்த்தநாரி. ராஜஸ்தானில் ஒருநாள் இரும்பு ராடு உருண்டு விழுந்து இடுப்பும் இரண்டு கால்களும் கெட்டுப்போனதிலிருந்து, ரிக் ஆபீஸில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து போனிலேயே வண்டிகளை ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கிருந்து மணி அடித்தாலும் அவர் கேட்கும் முதல் வார்த்தை, "பாறையா, மண்ணா?" என்பதுதான், பங்காளி வீட்டில் சாவு என்று சொல்ல யாரோ கூப்பிட்டபோதும் அதையே கேட்டு, ஒரு வருடம் அவர்களோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போனது.

அவருடைய ஒரே மகள் மேகலா. ரிக் லாரியின் கதவில் எழுதியிருந்ததைப் பார்த்து எழுத்துக் கூட்டியவள், கம்ப்ரசர் சத்தத்தில் தூங்கிப் பழகியவள், சத்தம் நின்றால் அழுதவள். படித்தாள், பெங்களூரில் ராக்கெட் வேலைக்குப் போனாள், தலையில் ஒன்றிரண்டு நரை தெரியும்போது திரும்பி வந்து, அப்பாவின் முன்னால் நின்று, நிலாவின் தென்கோடியில் மண்ணுக்கு அடியில் ஐஸ் இருக்கிறது, அதை எடுக்கத் துளை போடப் போகிறேன், அதற்கு இங்கேயே கம்பெனி வைக்கிறேன் என்றாள்.

"தண்ணி இருக்குதுன்னு எவன் பார்த்துச் சொன்னான்?" என்றார் அர்த்தநாரி.

"படம் எடுத்திருக்காங்கப்பா."

"படத்துல எல்லாத்துலயுந்தான் தண்ணி தெரியும். போர் போட்டா புகைதான் வரும். ஊரெல்லாம் கெணறு வத்திக் கெடக்குது, இவ மேல போறாளாம். ரிக்கை எவன் பார்க்கறது?"

"நான் பார்க்கறது ரிக்குதானுங்கப்பா. கொஞ்சம் தூரத்துல நிக்கற ரிக்கு."

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மறுமுனையில் யாரும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அம்மா வழியில் வந்த, கரட்டுக் குன்றின் அடிவார நிலத்தில் மேகலா கம்பெனியைக் கட்டினாள். அப்பா அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அவள் செய்த முதல் இயந்திரம், வேறு ஒருவரின் நிலா வண்டியில் தொற்றிக்கொண்டு போய் இறங்கவும் செய்தது. நாங்கள் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். துளைக்கும் பிட் மண்ணைத் தொட்டது, மோட்டார் ஓடியது, பிட் அசையாமல் நின்றது, அதற்குப் பதிலாக இயந்திரம் முழுவதும் சுற்றியது. இங்கே ஒரு ரிக் லாரி தன் பாரத்தால் பிட்டை அமுக்கிப் பிடிக்கும். அங்கேயோ எல்லாவற்றுக்கும் ஆறில் ஒரு பங்குதான் எடை, அமுக்க ஆளில்லை. சுற்றிச் சுற்றி, கம்பிகள் எல்லாம் சிக்கி, இயந்திரம் கவிழ்ந்து படுத்துக்கொண்டது. நிலாவில் ராட்டினம் விட்ட கம்பெனி என்று நாடே சிரித்தது. எங்கள் ஊரில் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தோம், சொந்தப் பிள்ளை என்ற உரிமைதான்.

இரண்டாவதாக இன்னொரு நிலா வண்டியில் இடம் கிடைத்தது, ஒரே ஒரு இடம். இந்த முறையும் ராட்டினம் சுற்றினால் பணம் போட்டவர்கள் நடையைக் கட்டுவார்கள், கம்பெனியைப் பூட்டிவிட்டு மேகலா அப்பாவின் ஆபீஸில் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டியதுதான். அதனால்தான் அவளும், ஆம்பூரிலிருந்து வந்து அவளோடு வேலை செய்த ஷாநவாஸும், எங்கள் கரட்டு வெள்ளைப் பாறை நிலாவின் பாறைக்குப் பக்கத்தில் வருகிறது என்று கண்டு, அதைக் கிரஷரில் விட்டு அரைத்து, மைதா சலிப்பதுபோல் சலித்து, நெல் அடிக்கும் களம் மாதிரி ஒரு பெரிய இடத்தில் முழங்கால் ஆழத்துக்குக் கொட்டி, பள்ளம் மேடு எல்லாம் நிலாவின் படத்தைப் பார்த்து அப்படியே செய்து வைத்தார்கள், புது இயந்திரத்தை அதில் இறக்கிச் சோதித்துப் பார்க்க. அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில், அந்த மண் தன்னை நிலா என்றே நம்பிவிட்டது என்றான் ஷாநவாஸ். அதற்குமேல் காரணம் தேட எங்களில் யாருக்கும் நேரமில்லை. பாவாயி அத்தை கூட்டி வந்த முழங்கால் வரிசை அதற்குள் பஸ் ஸ்டாப்பைத் தொட்டிருந்தது.

களத்துக்குள் கால் வைத்தால் எடை ஆறில் ஒன்றாகிவிடும், வெளியே வைத்தால் பழையபடி வந்துவிடும், அவ்வளவுதான் விஷயம். பஞ்சாயத்துத் தலைவர் முறை வைத்துக் கொடுத்தார்: காலையில் மூட்டு வலிக்காரர்கள், பகலில் கம்பெனி, சாயங்காலம் மற்றவர்கள். பெண்கள் எடை மெஷினைக் கொண்டுவந்து வைத்து, ஏறி நின்று, முள் காட்டும் எண்ணை மட்டும் போட்டோ எடுத்து நாத்தனார்களுக்கு அனுப்பினார்கள். பழைய இரும்பு வாங்குகிறவர், "வெயில்ல நிக்காதீங்க, களத்துக்குள்ள வாங்க" என்று அன்பாகக் கூப்பிட்டுத் தன் ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டு நிறுத்து வாங்கினார்; அந்த அன்பு மத்தியானம் வரைதான் செல்லுபடியானது. மகனின் எடைக்கு எடை வெல்லம் தருவதாக மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்ட ஒருவர், துலாபாரத் தராசைக் களத்துக்குள்ளேயே தூக்கி வந்து மாட்டினார். பையனின் எடை குறைந்தது, வெல்லத்தின் எடையும் குறைந்தது, தட்டு ஒரு உருண்டைகூடக் குறைத்துக் கேட்கவில்லை. அம்மன் முந்திக்கொண்டாள் என்று அவரே சிரித்தார்.

முட்டை லாரிக்காரர்கள் முட்டைத் தட்டைக் கைதவறவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பிடித்தார்கள் என்பது கொஞ்சம் மிகை. ஆனால் உடையாது என்பது நிஜம். வள்ளி கும்மி ஆடுகிற பெண்கள் களத்தில் ஒருநாள் ஆடினார்கள்: கை தட்டிக் குதித்தால் வட்டம் முழுவதும் மேலே எழும்பும், பாட்டுக்காரர் ஒரு அடியைப் பாடி முடித்து மூச்சு வாங்கும் வரை மேலேயே இருக்கும், பிறகு எல்லாப் பாவாடைகளும் ஒன்றாக இறங்கும். மேளக்காரர் காத்திருந்து காத்திருந்து கடைசியில் ஒரு நாற்காலி கேட்டார். பெரிய ஆராய்ச்சிக்கூடம் ஒன்றிலிருந்து வந்த விஞ்ஞானி மூன்று கருவிகளை வைத்துப் பார்த்தார், குதித்துப் பார்த்தார், குறித்துக்கொண்டார், போகும்போது மேகலாவைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த வாரம் தன் அம்மாவை அழைத்துவரலாமா, அவருக்கும் மூட்டுவலி என்று கேட்டார்.

அர்த்தநாரி மட்டும் வரவில்லை. "என்ற எடையைக் கொறைக்கறதுக்கு அவ யாரு?" என்று கேட்டார். பாவாயி அத்தை அவருக்கு அக்கா. ஒருநாள் கோயிலுக்குப் போகலாம் என்று சொல்லி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார், கரட்டடியில் திருப்பினார், "இது கோயிலுக்குப் போற வழியில்ல" என்று தம்பி கத்தக் கத்தக் களத்தின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தினார். நாற்காலி அசையாமல் நின்றது. களத்தில் இருந்த நாங்கள் எல்லோரும் அவரைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். அர்த்தநாரி ஒரு காலைக் கையால் தூக்கி வெள்ளை மண்ணில் வைத்தார், இன்னொன்றையும் வைத்தார், நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். எழுந்த வேகத்தில் ஒரு முழம் மேலேயே போய்விட்டார்.

மேகலா களத்தில் நின்ற புது இயந்திரத்தின் அடியிலிருந்து ஓடிவந்தாள். "மெல்லங்கப்பா! மெல்ல!"

"என்ன மெல்ல? பத்து வருசமா மெல்லத்தான இருக்கறேன்!" என்று சொல்லிக்கொண்டே அவர் ஒரு அடி வைத்தார், அது மூன்றடி தூரம் போனது, இன்னொன்று வைத்தார், நேராக இயந்திரத்தின் பக்கத்தில் போய் இறங்கி, அதைப் பிடித்து நின்று, மூச்சு வாங்க, அதன் பிட்டைத் தடவிப் பார்த்தார்.

"இத்துனூண்டு பிட்டா?" என்றார். "இத வெச்சுட்டுப் பல்லுகூடக் குத்த முடியாதே அம்மிணி."

மேகலா கம்ப்ரசருக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அர்த்தநாரி தினமும் வந்தார். காலையில் மூட்டுவலிக்காரர்களோடு நடந்தார், பகலில் கம்பெனியின் முறை என்று எழுப்பினால் நானும் கம்பெனிதான் என்றார், மகளோடு பிட்டைப் பற்றிச் சண்டை போட்டார், ஷாநவாஸின் பிரியாணியில் உப்பு கூட என்றார், ரிக் ஆபீஸ் போனைக் களத்துக்கே மாற்றிக்கொண்டார். அப்பாவும் மகளும் இவ்வளவு பேசி எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. எங்களுக்கே சந்தோஷமாக இருந்தது.

இயந்திரம்தான் வழிக்கு வரவில்லை. களத்தில் இறக்கினால் நிலாவில் செய்ததையே செய்தது: பிட் நிற்கும், உடம்பு சுற்றும். கால்களை அகலமாக்கினார்கள், நகம் வைத்தார்கள், எதற்கும் மசியவில்லை. பிறகு ஒருநாள், ஒன்றையும் மாற்றாமலே, பிட் ஒரு விரல்கடை மண்ணைக் கடித்தது. அடுத்த வாரம் ஒரு சாண். அதற்கடுத்த வாரம் இயந்திரம் அசையாமல் நின்று முழு நீளத்துக்கும் இறங்கிவிட்டது. கம்பெனியில் எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தார்கள். மேகலா மட்டும் ஜிலேபியைக் கடிக்காமல் திரும்பத் தட்டில் வைத்தாள். தானாகச் சரியான இயந்திரத்தை ரிக் வீட்டுப் பிள்ளை நம்பமாட்டாள். ஷாநவாஸைக் கூப்பிட்டு, களத்தின் நடுவில் ஒரு இரும்புக் குண்டை ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டுப் பார்க்கச் சொன்னாள்.

"மேடம், கொஞ்சம் இங்க வாங்க," என்றான் அவன். அவன் முகம் வாடியிருந்தது. "ஆறுல ஒண்ணு இருந்தது, இப்ப மூணுல ஒண்ணு ஆயிடுச்சு. களம் கனமாயிட்டே வருது. அதனாலதான் கடிக்குது. நம்ம மெஷின்ல ஒண்ணும் ஆகல."

ஏன் என்று கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை, ஏனென்றால் நாங்கள் அதை ஒளித்துச் செய்யவே இல்லை. எடப்பாடியில் கட்டிக்கொடுத்த மகளுக்கும் மூட்டுவலி என்று பாவாயி அத்தை ஒரு கைப்பிடி வெள்ளை மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோய் அங்கே கொல்லையில் போட்டிருந்தார். முறத்தளவு இடம் இலேசாகி, மகள் அதில் நின்றுதான் இப்போது பாத்திரம் கழுவுகிறாள். அதைப் பார்த்து எல்லோரும் எடுத்தோம். குலசாமி கோயிலில் பிடிமண் எடுத்துப்போய் வேறு ஊரில் கோயில் கட்டினால், சாமி இங்கேயும் இருக்கும், அங்கேயும் இருக்கும், இங்கே ஒரு குந்துமணி குறையாது. அந்தக் கணக்கிலேயே நாங்கள் சங்ககிரிக்கும் ராசிபுரத்துக்கும் மண்ணை அனுப்பிக்கொண்டிருந்தோம். ஆனால் இது சாமி இல்லையே, வெறும் எடைக் குறைவுதானே. போன இடத்துக்கு எவ்வளவு போனதோ அவ்வளவு இங்கே குறைந்துகொண்டே வந்தது. எங்களுக்கு அது உறைக்கவில்லை.

மேகலா கதவைப் பூட்டினாள். ஒருவரையும் விடவில்லை, காலில் ஒட்டிக்கொண்டு போகிற தூசியைக்கூட விட அவளால் முடியாது. மறுநாள் காலை அர்த்தநாரி நாற்காலியில் வந்து கதவுக்கு வெளியே நின்றார்.

"திறம்மிணி."

"முடியாதுங்கப்பா. ராக்கெட் கெளம்பறதுக்கு நாள் நெருங்கிருச்சு. இன்னும் ரெண்டு தடவையாச்சும் நெலா எடைக்குப் பக்கமா வெச்சு டெஸ்ட் பண்ணியாகணும்."

"நான் ஒரு நடை நடந்துட்டுப் போறேன். மண்ணெடுக்க மாட்டேன்."

"எல்லாரும் அதான் சொல்றாங்க."

அவர் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "சரி," என்று நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போனார். கத்தியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது எங்களுக்கு. அவள் சொன்னதும் நியாயம், அவர் கேட்டதும் நியாயம், இரண்டு நியாயத்துக்கும் நடுவில் ஒரு பூட்டு தொங்கியது.

பூட்டியும் பயனில்லை. பாதிக் களம் ஏற்கெனவே ஊர் ஊராய்ப் போயிருந்தது. கதவு பூட்டிய பிறகு வேலிக்கு அடியில் முறத்தை விட்டு அள்ளியவர்களும் உண்டு, பெயர் வேண்டாம். மேகலா ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, எடுத்த மண்ணைத் திருப்பிக் கொடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். மகளுக்குக் கொடுத்ததை எப்படித் திருப்பிக் கேட்பது என்றார்கள், அரிசிமாவு என்று நினைத்து மருமகள் கோலம் போட்டுவிட்டாள் என்றார்கள். அடுத்த வாரம் களத்தில் குதித்த ஆடு கிளையைத் தொடவில்லை. அதற்கடுத்த வாரம் அது வெறும் வெள்ளை மண். கம்பெனி வாசலில் உட்கார்ந்திருந்த மேகலாவைப் பார்க்க பாவாயி அத்தை வந்தார்.

"உன்னையக் கெடுக்கோணும்னு எடுக்கல கண்ணு," என்றார். அழுதார். "பிடிமண்ணுன்னா அந்த மண்ணுல இருக்கறது என்னவோ அதுவும் கூடவே வரும். வந்தாத்தான் அது பிடிமண்ணு, இல்லாட்டி வெறும் புழுதிதானே. அது என்ற புள்ளைக்கும் வரட்டுமேன்னுதான்..."

மேகலா அழுதுகொண்டிருந்த அத்தையைத் தேற்றவில்லை. எழுந்து நின்று, காலடியில் இருந்த செம்மண்ணைப் பார்த்தாள். அப்புறம் உள்ளே திரும்பி, "ஷாநவாஸ்! நம்ம மண்ணுல என்ன இருக்குது?" என்று கத்தினாள்.

"இரும்பு, சிலிக்கா..." என்று ஆரம்பித்தான் அவன்.

"இல்ல. பாரம் இருக்குது. அங்க இல்லாதது அதுதானே?"

நிலாவின் இலேசை ஒரு கைப்பிடியில் எடப்பாடிக்குக் கொண்டுபோக முடியும் என்றால், பூமியின் கனத்தை ஒரு கைப்பிடியில் நிலாவுக்குக் கொண்டுபோக முடியாதா என்று அவள் கேட்டபோது, இன்ஜினியரிங் படித்த ஷாநவாஸ் ஒரே ஒரு ஆட்சேபம்தான் சொன்னான்: மண்ணில் கிருமி இருக்கும், அதை அப்படியே நிலாவுக்கு எடுத்துப்போகக் கூடாது. அதற்கு வறுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. எந்த மண் என்பதில் பேச்சே இல்லை. ஊரிலேயே அதிகப் பாரம் தாங்கியது ரிக் ஆபீஸ் முற்றம். முப்பது வருடமாக ரிக் லாரிகள் நின்று நின்று கடப்பாரைக்கும் இளகாமல் இறுகிக் கிடந்தது அது. ஆனால் பிடிமண்ணை வருகிறவர் தானாக எடுத்துக்கொள்ள முடியாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். இடத்துக்கு உரியவர் மனம் ஒப்பித் தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மண் மட்டும் போகும், மற்றது வராது. உரியவர் அர்த்தநாரி.

அவள் ரிக் ஆபீஸில் போய் நின்றபோது, களத்திலிருந்து அங்கேயே திரும்பிவிட்ட போனில் அவர் பேசிக்கொண்டிருந்தார், இந்த முறை நிஜமாகவே. பேசி முடிக்கும் வரை நின்றாள். விஷயத்தைச் சொன்னாள். முற்றத்தில் நாங்களும் நின்றோம்.

"பூட்டுனவளே வந்து கேக்கறியா?" என்றார்.

"ஆமாங்கப்பா."

"குடுக்க முடியாதுன்னா?"

"பூட்டுனப்ப நீங்க போன மாதிரி நானும் திரும்பிப் போயி, கம்பெனியை மூடிட்டு வந்துருவேன். இங்கயே உக்காந்து போன் எடுக்கறேன். பாறையா மண்ணான்னு கேக்கறேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். நாற்காலியின் பிரேக்கைப் போட்டார். நாற்காலியிலிருந்து குனிந்தால் அவர் கை தரைக்கு எட்டாது. பிடிக்க வந்தவர்களை "தொடாதீங்க, இது என்ற கையால குடுக்கறது" என்று விரட்டிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துச் சரிந்து, முழு உடம்போடும் பொத்தென்று முற்றத்தில் விழுந்தார். மேகலா கத்திவிட்டாள். அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். படுத்தபடியே, தன் முதல் ரிக் நின்ற இடம் வரை முழங்கையால் நகர்ந்து போனார், அங்கே கிடந்த ஒரு ஆணியால் அந்த இறுகிய மண்ணைச் சுரண்டினார், சுரண்டிச் சுரண்டி ஒரு கைப்பிடி சேர்த்தார், மகளின் முந்தானையில் போட்டார்.

"எல்லாப் பாரத்தையும் கொண்டுட்டுப் போயிரு அம்மிணி," என்றார். "நான் சொமந்தது போதும்."

பாவாயி அத்தை அந்த மண்ணை இரும்பு வாணலியில் போட்டு, நிலக்கடலை வறுக்கிற பதத்துக்கு வறுத்தார். ஷாநவாஸ் பக்கத்தில் தெர்மாமீட்டரோடு நின்று, "இன்னும் கொஞ்சம், அத்தை, இன்னும் கொஞ்சம்" என்றான். அத்தைக்குக் கோபம் வந்து, "எனக்கே வறுக்கச் சொல்லித் தர்றியா?" என்றார். ஒரு சின்ன உலோகப் பெட்டிக்குள் அது போனது, பெட்டி இயந்திரத்தின் வயிற்றில் போனது, இயந்திரம் ராக்கெட்டில் போனது. ராக்கெட் கிளம்பிய அன்று எங்கள் ஊர் ரிக் லாரிகள் எல்லாவற்றின் சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம், போகிற வண்டி எதுவானாலும் எங்கள் வண்டிதானே.

நிலாவில் இறங்கிய காலை சந்தை நாள். கம்பெனிக் கூடத்தில் ஊர் முழுவதும் நின்றது. அர்த்தநாரி வரவில்லை, எந்த ரிக் போனாலும் தான் போன் பக்கத்தில்தான் இருக்க வேண்டும், துளை இறங்கினால் அவள் போனில் சொல்லட்டும் என்றுவிட்டார். இயந்திரம் சாம்பல் நிறத் தரையில் கால் ஊன்றி நின்றது. பெட்டி திறந்தது. வறுத்த செம்மண் ஒரு கைப்பிடி, நிலாவுக்கே உரிய நிதானத்தில் பொழிய ஆரம்பித்து, தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது, யாரோ கையை விட்ட மாதிரி, சட்டென்று விழுந்தது. எங்கள் ஊரில் விழுகிற வேகம் அது. இயந்திரத்தின் நான்கு கால்களும் ஒரு விரல்கடை அமுங்கின. மோட்டார் ஓடியது. பிட் சுற்றியது. இயந்திரம் அசையவில்லை. ஒரு சாண் போனது, ஒரு முழம் போனது, முழு நீளமும் போனது.

நாங்கள் கத்திக் குதித்தோம். குதித்தபோது வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே மேலே போனோம், சந்தோஷத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். சந்தைக்கு வந்த கோழிகள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட்டுக்கூரை மேல் ஏறியதும், நின்றிருந்த லாரிகளின் ஸ்பிரிங் பட்டைகள் எல்லாம் ஒன்றாக முனகி நிமிர்ந்ததும், ஊர் எல்லைக்குள் ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர் அளவு கனம் இறங்கியிருந்ததும் பிறகுதான் தெரிந்தது. போன இடத்துக்கு எவ்வளவு போனதோ, அவ்வளவு இங்கே குறைந்தது. எடுத்த முற்றத்தைச் சுற்றி இன்னும் நிறையவே குறைந்தது.

மேகலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனை எடுத்து ரிக் ஆபீஸுக்கு அடித்தாள். மணி போனது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். ரிக் ஆபீஸ் ஆரம்பித்த நாளிலிருந்து அந்த போன் இரண்டாவது மணிக்கு மேல் அடித்ததே இல்லை. மூன்றாவது முறையும் அடித்தாள். கூடத்தில் ஒவ்வொருவராகச் சத்தத்தை நிறுத்தினோம். மணி போய்க்கொண்டே இருந்தது. அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி வாசலைப் பார்த்து ஓடத் திரும்பினாள்.

வாசலில், நிலைக்கதவை ஒரு கையால் பிடித்து, தெருவின் புழுதி ஒட்டிய வெறுங்காலோடு, மூச்சு இரைக்க நின்றார் அர்த்தநாரி. பின்னால் நாற்காலியும் இல்லை, தள்ள ஆளும் இல்லை.

"பாறையா, மண்ணா?" என்றார்.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. காதில் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"உன்னையத்தான் கேக்கறேன் அம்மிணி."

"மண்ணுங்கப்பா," என்றாள் மேகலா.